பாதைக் காசு

எங்கட பக்கத்தில 'பாதை' எண்டு சொன்னால் றோட்டு இல்லை. ஆற்றையும் களப்பையும் கடக்க ஆக்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு போற மிதவைதான் பாதை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, திருகோணமலை நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் போறவர்கள் பாதைக்குக் காத்து நிற்பார்கள். மூதூர் எண்டால் உப்பாறு, கங்கை, இறால்குழி எண்டு மேலும் துறைகள். அங்கே பாலங்கள் வந்தது 2011இல். அதுக்கு முன்னம் கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து லோஞ்சில் போகலாம், இல்லாட்டி கந்தளாய்ப் பக்கமாகச் சுற்ற வேணும்.

இப்படியான ஒரு மாவட்டத்தில் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பீ.எச்.ஐ. எண்டு கூப்பிடுற மனுசர், தன்ர பிரயாணச் செலவுப் படிவத்தை எப்படி நிரப்பியிருப்பார்? சின்னக் கேள்விதான். ஆனால் எங்கட சுகாதார வரலாற்றின் பாதி இதுக்குள்ள கிடக்குது.

இலங்கையில் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. ரொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவும் அதுக்கு இருந்தது. அந்த ஏற்பாட்டின் அடிப்படை எளிமையானது: நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திராமல், ஒரு குறித்த பிரதேசத்துக்குள்ள உத்தியோகத்தர்களே வீடு வீடாகப் போறது. கிணறு, மலசலகூடம், கர்ப்பிணித் தாய், பிறந்த பிள்ளை எல்லாத்தையும் அவரவர் வாசலில் போய்ப் பார்க்கிறது. அதாவது, போக்குவரத்து இந்த வேலைக்குப் பக்கச் செலவு இல்லை. அதுதான் வேலையே. டொக்டரிட்ட ஸ்டெதஸ்கோப் மாதிரி, மிட்வைப் மிஸ்ஸிட்ட சைக்கிள்.

அரசாங்கக் கணக்கு அதை அப்படிப் பார்க்கவில்லை. தாபன விதிக்கோவையின் 14ஆம் அத்தியாயம் உள்நாட்டுக் கடமைப் பயணச் செலவைப் பற்றியது. முன்கூட்டியே நிகழ்ச்சித்திட்டம் கொடுத்து அனுமதி எடுக்க வேணும், நாட்குறிப்பு எழுத வேணும், பிறகு கிலோமீற்றர் கணக்கில் கேட்க வேணும். வரவுசெலவுத் திட்டத்தில் இதுக்கு இலக்கம் 1101. ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு என்பதைச் சுற்றறிக்கை தீர்மானிக்கும். முதலில் சொந்தக் காசில் பெற்றோல் அடிச்சுப் போய் வர வேணும், காசு பிறகுதான் வரும். பொதுக் காசுக்குக் கணக்கு வேணும்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நாள் கூட்டத்துக்குக் கொழும்புக்குப் போற அதிகாரியும், ஒவ்வொரு நாளும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரியுறவரும் ஒரே அத்தியாயத்துக்குள்ள அடங்க வேண்டியிருக்கு.

இந்தத் திரியுற வேலை நின்றால் என்ன நடக்கும் என்பதுக்கு மலேரியாவைவிட நல்ல சாட்சி இல்லை. 1934-35 கொள்ளை நோயில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். பிறகு டீ.டீ.டீ. வந்தது. வீடு வீடாகத் தெளித்தார்கள், காய்ச்சல்காரரைத் தேடிப்போய் இரத்தம் எடுத்தார்கள். 1963இல் நாடு முழுக்கப் பதிவானது 17 நோயாளிகள் மட்டும். 'இனி என்ன' எண்டு தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் ஒரே வருசத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல்!

திரும்பவும் அதைக் கீழே கொண்டுவர நாற்பது வருசத்துக்கு மேல் எடுத்தது. அதுவும் யுத்தத்துக்குள்ள. யுத்தம் முடிஞ்ச காலத்தில் கிழக்கில் உலகளாவிய நிதியத்தின் காசோடு நடமாடும் மலேரியா கிளினிக்குகள் ஓடின. கவனியுங்கோ, 'நடமாடும்'. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல். மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் தந்தது. அடுத்த வருசமே டெங்கு கிண்ணியாவைப் போட்டுத் தாக்கியது. அந்த 2017இல் நாட்டில் 1,86,000க்கு மேல் டெங்கு நோயாளிகள். திரும்பவும் வளவு வளவாக ஏறி இறங்கி, சிரட்டையும் டயரும் புரட்டிப் பார்க்கிற வேலை.

பாலங்கள் வந்தபிறகு படிவத்தில் கிலோமீற்றர் குறைஞ்சிருக்கும். வீடுகள் குறையேல்லை. பாதையும் முழுசாகப் போகேல்லை. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோட போன பாதை கவிழ்ந்தது. பிள்ளைகளும் பெரியவர்களும் செத்துப்போனார்கள். அந்தத் துறைக்கு இரண்டு பக்கமும் கர்ப்பிணித் தாய்மார் இருந்தார்கள், அவர்களின் பெயரெழுதிய பதிவேட்டோட ஒரு மிஸ்ஸும் இருந்திருப்பா.

பிறகு 2022. ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470. சுற்றறிக்கை அந்த வேகத்தில் ஓடாது. ஜூன் 27 தொடக்கம் ஜூலை 10 வரை எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எண்டு அரசாங்கம் சொன்னது. சுகாதாரமும் அதுக்குள்ள அடக்கம்தான், காகிதத்தில். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட 99 எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள்ள நிக்குது. அதில் எது ஆருக்கு எண்டு அந்த வருசம் ஜனவரியில்தான் இந்தியாவோட ஒப்பந்தம் எழுதினவை. அந்தத் தாங்கிகள் நிற்கிற ஊரில், எங்கட ஒழுங்கைக்கு வாற மிஸ் ஸ்கூட்டியை வீட்டில் விட்டுட்டு, குடையும் பதிவேடுமாக நடந்து வந்தா. அந்த மாதம் அவ படிவத்தில் கேட்டது எத்தனை கிலோமீற்றர் எண்டு கேட்டேன். நடந்ததுக்கு எங்க தம்பி காசு எண்டு சிரிச்சா.