தேர்வு நாள் காலையில் என்ன சொல்லி அனுப்புவது?



நேற்று என் தம்பி மகள் போன் செய்தாள். "பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை பையனுக்கு நுழைவுத் தேர்வு. ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான். ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லுங்க" என்றாள். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளும் இப்போது அந்த வயதுதானே.

பிரான்ஸ் நாட்டில் எவாரிஸ்ட் கால்வா என்று ஒரு மாணவன் இருந்தான். 1811-ல் பிறந்தவன். கணக்கில் புலி. அப்போது பாரிஸில் இருந்த எகோல் பாலிடெக்னிக்கில் சேர்வதுதான் அவன் கனவு. 1828-ல், மற்றவர்கள் படிக்கும் ஆயத்த வகுப்பில் படிக்காமலேயே நுழைவுத் தேர்வுக்குப் போனான். தோற்றான்.

மறு வருடம், 17 வயதிலேயே அவன் ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தது. ஆனால் ஜூலை மாதம் பேரிடி விழுந்தது. ஊர் மேயராக இருந்த அவன் அப்பா, அரசியல் பகையால் வந்த அவதூறு தாங்காமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இரண்டாவது தேர்வு வந்துவிட்டது. மனக்கணக்காகவே போட்டு, நடுவில் உள்ள படிகளை விட்டுவிட்டு விடை சொல்வது அவன் பழக்கம். தேர்வாளருக்கு அது எடுபடவில்லை. மறுபடியும் தோல்வி. மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

1832-ல், 20 வயதில், துப்பாக்கிச் சண்டையில் அவன் இறந்துபோனான். 1846-ல் லியூவில் என்ற கணித அறிஞர் அவன் எழுதியவற்றை வெளியிட்டார். கால்வா கோட்பாடு இன்று கணித முதுகலை மாணவர்களுக்குப் பாடம்.

ஐன்ஸ்டைனும் 1895-ல், 16 வயதில், சூரிச் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தோற்றவர்தான். கணக்கிலும் இயற்பியலிலும் நன்றாகச் செய்திருந்தார்; மற்ற பாடங்கள் காலை வாரிவிட்டன. "இன்னும் ஒரு வருடம் பள்ளியில் படித்துவிட்டு வா" என்று அனுப்பினார்கள். ஆராவ் ஊர்ப் பள்ளியில் படித்து முடித்து, 1896-ல் அதே கல்லூரியில் சேர்ந்தார். அவருக்கு இன்னொரு வருடம் கிடைத்தது. கால்வாவுக்குக் கிடைக்கவில்லை. அறிவில் இருவருமே குறைந்தவர்கள் இல்லை.

இதெல்லாம் தெரிந்த நானே ஒரு தவறு செய்தேன். 1993-ல் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை உறைவிடப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன். முந்தின வாரம்தான் அவன் தாத்தா இறந்திருந்தார். அது தெரிந்திருந்தும், வாசலில் வைத்து, "நம்ம பள்ளிக்கூடத்துப் பேரே உன் கையிலதான்டா இருக்கு" என்றேன். பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தான். "தெரிஞ்சதுகூட மறந்துபோச்சு சார்" என்றான். திரும்பி வரும்போது இருவருமே பேசவில்லை.

அவன் இதைப் படிப்பான். தம்பி, அன்று அந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்றியது என் தவறு. இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

பேரனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: ஹால் டிக்கெட்டை ராத்திரியே பையில் வை. புதிதாக எதையும் படிக்காதே, தூங்கு. அரை மணி முன்னதாகப் போ. தெரிந்த கேள்வியில் தொடங்கு. மனசு வெறிச்சென்று ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, பத்து எண்ணு. விட்ட இடத்துக்கு அப்புறம் வரலாம்.

பெற்றோரே, வாசலில் மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள். "முடிச்சிட்டு வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லி அனுப்புங்கள். போதும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்