காலி ரோடு யாருக்காகப் போட்டது?

இன்னைக்கு எபிசோட் ஒரு தண்ணிக் குழாய்ல ஆரம்பிக்குது. குழாய் இருந்த இடம், ஒரு கல்லறைத் தோட்டம்.

போன வருஷம் ஆபீஸ் வேலையா ஃப்ரான்ஸ்ல, க்ளெர்மோன்-ஃபெரான் ஊர்ல கொஞ்ச மாசம் இருந்தேன். ஆகஸ்ட் 15 அங்கேயும் லீவு. நமக்குச் சுதந்திர தினம், அவங்களுக்கு மாதா திருநாள். அதோட வீக்கெண்டைச் சேர்த்து மூணு நாள் எடுத்துக்கிட்டு, வாடகை சைக்கிள்ல மேற்கே கிளம்பினேன். க்ரூஸ்னு ஒரு மாவட்டம், அதோட தெற்குப் பக்கம் மில்வாஷ் பீடபூமி. பாரிஸ் மாதிரி டூரிஸ்ட் கூட்டம் எட்டிப் பார்க்காத இடம்.

ரோடு எப்படி இருந்துச்சுன்னா, ஒரு குழி கிடையாது. ரெண்டு பக்கமும் ஓக் மரம், பீச் மரம், நடுவுல பழுப்பு நிற மாடுகள் மேயுற புல்வெளி. கிலோமீட்டர் கல்லுக்கு மஞ்சள் தொப்பி. ஒரு மணி நேரத்துல என்னைக் கடந்து போனது மூணு கார், ஒரு டிராக்டர். ஈசிஆர்ல காலைல நாலரை மணிக்கே போனாலும் கிடைக்காத அமைதி. எனக்கு அது சொர்க்கம் மாதிரி இருந்துச்சு, ரெண்டு பாட்டிலும் காலியாகுற வரைக்கும்.

முதல் கிராமத்துல கடையே இல்லை. அடுத்ததுல பேக்கரின்னு போர்டு இருந்துச்சு, ஆனா எழுத்து மங்கி, கதவுக்கு உள்பக்கம் பலகை அடிச்சிருந்தாங்க. மூணாவது கிராமத்துலதான் சென்னை ரைடர் ஒருத்தர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. "ஃப்ரான்ஸ்ல தண்ணி வேணும்னா கல்லறையைத் தேடு. பூச்செடிக்கு ஊத்தக் குழாய் வெச்சிருப்பாங்க. குடிக்காதேன்னு போர்டு இல்லைன்னா தைரியமா குடி." குழாய் இருந்துச்சு, தண்ணியும் வந்துச்சு. அந்த ஊர்ல எனக்குக் கிடைச்ச ஒரே சேவை அதுதான்.

பாட்டில் நிரம்புற வரைக்கும் சுத்திப் பார்த்தேன். கல்லறைகள் நிறைய, வீடுகள் கொஞ்சம். அப்பதான் ஒரு கேள்வி வந்துச்சு. இவ்வளவு நல்ல ரோட்டை, இவ்வளவு கொஞ்சம் பேருக்கு யார் போட்டாங்க? திரும்பி வந்து அதைத் தேடித் தேடிப் படிச்சதுதான் இந்த எபிசோட்.

முதல்ல அளவு. ஃப்ரான்ஸ்ல மொத்தம் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர் ரோடு இருக்கு. அதுல மோட்டார்வேயும் தேசிய நெடுஞ்சாலையும் சேர்த்து இரண்டு சதவீதம் அளவுதான். மிச்சம் எல்லாம் மாவட்டமும் ஊராட்சியும் பார்த்துக்கிற ரோடு. மாவட்டச் சாலைகள் மட்டும் சுமார் 3,80,000 கிலோமீட்டர். சைக்கிள்காரங்க கொண்டாடுற அந்த அமைதியான பாதைகள் எல்லாம் இந்தக் கணக்குலதான் வருது.

ஆனா 200 வருஷத்துக்கு முன்னால நிலைமை தலைகீழ். மன்னர்கள் காலத்தில் போடப்பட்ட பெரிய சாலைகள் பாரிஸிலிருந்து எல்லைகளை நோக்கி நேராக ஓடின. படையும் தபாலும் போவதற்கான சாலைகள் அவை. 18-ஆம் நூற்றாண்டில் அவற்றுக்காகக் கிராமத்து ஆட்களைக் கூலி இல்லாமல் வேலை வாங்கினார்கள். 'கோர்வே' என்ற அந்தக் கட்டாய உழைப்பை விவசாயிகள் மனசார வெறுத்தார்கள். இவ்வளவும் செய்து, அவர்களுடைய சொந்த ஊரிலிருந்து பக்கத்துச் சந்தைக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் சேறாகத்தான் கிடந்தது. மாட்டுவண்டி அச்சு வரைக்கும் இறங்கும்.

இதை மாத்தினது 1836 மே 21 அன்னைக்கு வந்த ஒரு சட்டம். ஊர்ப்பாதைகளைப் போடுவதும் பராமரிப்பதும் ஒவ்வொரு ஊராட்சியின் கடமை என்று அது சொன்னது. பணம் போதவில்லை என்றால் வரியாகவோ உழைப்பாகவோ வசூலிக்கலாம். 18 வயதிலிருந்து 60 வயது வரை வேலை செய்யக்கூடிய ஆண்கள் வருஷத்துக்கு அதிகபட்சம் மூன்று நாள் ரோட்டு வேலைக்கு வரவேண்டும். வண்டியும் மாடும் இருந்தால் அவற்றுக்கும் அதே கணக்கு. வர விருப்பமில்லாதவர் காசாகக் கட்டலாம். ஊராட்சி முரண்டு பிடித்தால், நம்ம ஊர் கலெக்டர் மாதிரியான ப்ரீஃபெக்ட் நேரடியாகத் தலையிட்டு வேலையை நடத்தலாம். மேற்பார்வைக்கு ஒரு தனி அதிகாரிப் படையே உருவானது.

பழைய கோர்வேதான் வேற பேர்ல வந்திருக்கேன்னு முணுமுணுத்தவங்களும் இருந்தாங்க. ஆனா ஒரு வித்தியாசம் இருந்துச்சு. இந்தத் தடவை கல் உடைச்சுப் போட்டது ராஜாவோட ரோட்டுக்கு இல்லை, தன் ஊர் ரோட்டுக்கு. பல ஊர்களை இணைச்ச முக்கியமான பாதைகளுக்கு மாவட்டமும் பணம் கொடுத்துச்சு. இன்னைக்கு 'டி' எழுத்தோட நம்பர் போட்ட நிறைய ரோடுகளோட பூர்வீகம் அங்கேதான் இருக்கு. நான் மூணு நாள் மிதிச்ச ரோடுகள் அந்த ரகம். கிராமத்து ஜனங்க வருஷா வருஷம் மூணு மூணு நாளா கொடுத்த உழைப்பு அது.

சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போறதுக்காக ரோடு போட்டாங்க. ஆனா ரோடு ரெண்டு பக்கமும் போகுமே!

க்ரூஸ் கொத்தனார்களுக்குப் பேர் போன ஊர். நிலம் ஏழை நிலம். அதனால் வசந்தம் வந்ததும் ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்கும் லியோனுக்கும் கட்டட வேலைக்குக் கிளம்பி, குளிர்காலத்தில் வீடு திரும்புவார்கள். மார்த்தான் நதோ என்பவர் 1830-இல், 14 வயதில், அப்பாவோடு அப்படிக் கிளம்பியவர். பாரிஸ் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். பெரும்பகுதி நடைதான். பின்னாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார், அந்தப் பயணங்களைத் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார். 1850-களிலும் 60-களிலும் பாரிஸை இடித்துப் புதிதாகக் கட்டியபோது க்ரூஸ் கொத்தனார்களின் கை அதில் நிறைய இருந்தது.

நடந்து போனவங்க திரும்பி வந்தாங்க. ரயில் வந்ததும், போனவங்க அங்கேயே தங்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் குடும்பத்தையும் கூட்டிக்கிட்டாங்க. 1851-ல க்ரூஸ் மாவட்டத்தோட ஜனத்தொகை சுமார் 2,87,000. இன்னைக்கு 1,15,000 அளவுல இருக்கு.

அதுக்கு நடுவுல 1914 வந்துச்சு. முதல் உலகப் போரில் ஃப்ரான்ஸ் இழந்த வீரர்கள் சுமார் 14 லட்சம். அதில் கிராமத்து விவசாயிகள் ஏராளம். இன்றைக்கும் அங்கே ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. சைக்கிளில் போகும்போது ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமே சர்ச் கோபுரமும் அந்தத் தூணும்தான்.

ரெண்டாவது நாள் ழான்தியூங்கிற ஊர்ல நின்னேன். அங்கே இருக்கிற நினைவுச்சின்னம் 1922-ல வெச்சது. வீரன் சிலை இல்லை, வெற்றி தேவதை இல்லை. பள்ளிக்கூட உடுப்புல ஒரு சின்னப் பையன், அப்பாவை இழந்தவன், தொப்பியைக் கழற்றி ஒரு கைல வெச்சுக்கிட்டு, இன்னொரு கை முஷ்டியை மடக்கி நீட்டுறான். அவன் காட்டுற இடத்துல போரைச் சபிச்சு ஒரே ஒரு வரி. மேல பெயர்கள். அதிகாரிகள் ரொம்ப காலம் அதைத் திறந்து வைக்க மறுத்தாங்க. நான் அந்தப் பெயர்களை மெதுவா எழுத்துக்கூட்டிப் படிச்சேன். அந்த மூணு நாள் உழைப்புக்குக் கல் சுமந்தவங்களோட பேரப்பிள்ளைங்க பெயர்கூட அதுல இருக்கலாம். ரோடு அப்படியே இருந்துச்சு. அதுல நடக்க வேண்டியவங்க குறைஞ்சுட்டாங்க.

சரி, சைக்கிள் எங்கே வருது?

போல் தெ விவின்னு ஒருத்தர், வெலோசியோங்கிற பேர்ல எழுதினவர். 1887-இல் சான்-எத்தியென் நகரத்தில் ஒரு சைக்கிள் பத்திரிகை தொடங்கினார். ரேஸ் முக்கியமில்லை, ஊர் ஊராகச் சுற்றிப் பார்ப்பதுதான் சைக்கிளின் பயன் என்பது அவர் கட்சி. மலைப்பாதையில் சாதாரண மனுஷனும் ஏறணும் என்பதற்காகக் கியர் மாற்றும் அமைப்புகளை விடாமல் சோதித்துப் பார்த்தார். தூர் தெ ஃப்ரான்ஸ் பந்தயம் டெரெய்லர் கியரை அனுமதித்தது 1937-இல்தான், அவர் இறந்து ஏழு வருஷம் கழித்து. தாகம் எடுக்குற முன்னாடியே தண்ணி குடிங்கன்னு அவர் சொல்லியிருக்கார். நான் கேட்கலை, கல்லறைக்குப் போனேன்.

டயர் விற்கிற மிஷ்லன் கம்பெனியும் இதுல உண்டு. அதோட தலைமையகம் நான் தங்கியிருந்த அதே க்ளெர்மோன்-ஃபெரான். 1910-லிருந்து ஃப்ரான்ஸ் முழுக்க ஒரு சென்டிமீட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் அளவுல ரோடு மேப் போட்டாங்க. இன்னைக்கும் அந்த மேப்ல பெரிய ரோடு சிவப்பு, மாவட்ட ரோடு மஞ்சள், ஊர்ப்பாதை வெள்ளை. சைக்கிள்காரங்க பாடம் சிம்பிள்: சிவப்பை விடு, மஞ்சளைப் பிடி, வெள்ளை கிடைச்சா இன்னும் நல்லது. 1936 ஜூன்ல சம்பளத்தோட ரெண்டு வாரம் லீவுங்கிற சட்டம் வந்தப்போ, வாழ்க்கைல முதல் தடவை லீவு பார்த்த தொழிலாளிகள்ல நிறைய பேர் சைக்கிளையும் டாண்டமையும் எடுத்துக்கிட்டு இந்த ரோடுகள்லதான் கிளம்பினாங்க. தாத்தா விட்டுட்டு வந்த கிராமத்துக்குப் பேரன் டூரிஸ்ட்டா போன காலம் அது.

போருக்கு அப்புறம் கார் பெருகிச்சு. 60-கள்ல இருந்து மோட்டார்வே வேகமா வளர்ந்துச்சு. க்ரூஸையே எடுத்துக்கோங்க. கனரக வண்டிகள் வடக்கே என்145 நான்கு வழிப்பாதையில போகும், இல்லைன்னா தெற்கே தள்ளி ஏ89-ல போகும். நடுவுல இருக்கிற மஞ்சள் ரோடு தனியா மிச்சமாச்சு. நம்ம ஊர் ரைடர்களும் போற பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் 1,200 கிலோமீட்டர் ரைடுகூட 1891-ல நெடுஞ்சாலைல ஆரம்பிச்சு, வண்டி நெரிசலால பிற்பாடு கிராமத்து ரோட்டுக்கு மாறினதுதான். சென்னைல 200, 300 கிலோமீட்டர் ப்ரெவே ஓட்டுறவங்களுக்குத் தெரியும், அந்த ரிசல்ட்டுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது பாரிஸ்ல இருக்கிற ஒதாக்ஸ் க்ளப்.

என் வேலையோட பாஷைல சொன்னா, நிறைய யூசர்ஸுக்காகக் கட்டின ஒரு சிஸ்டம். யூசர்ஸ் போயிட்டாங்க, சர்வர் இன்னும் ஓடுது. யாரோ பில் கட்டிக்கிட்டே இருக்காங்க. நம்ம டீமா இருந்தா எப்பவோ ஷட்டௌன் பண்ணியிருப்போம். ஆனா அந்த ரோட்டுக் கடைசில ஒரு பாட்டி வீடு இருக்கும். ஆம்புலன்ஸும் தபால்காரரும் அங்கே போயாகணும். அதனாலதான் 20 பேருக்காகவும் குழியை மூடுறாங்க. எனக்குக் கிடைச்ச அமைதி, அவங்களுக்கு மூடிப்போன பேக்கரி. ரெண்டும் ஒரே ரோட்டுல இருந்துச்சு.

இதைக் கேட்டுட்டு அங்கே போகாதீங்கன்னு நான் சொல்லலை. கண்டிப்பா போங்க, மஞ்சள் ரோடு, வெள்ளை ரோடு பார்த்துப் போங்க. ஆனா பையில எல்லாத்தையும் சூப்பர் மார்க்கெட்ல வாங்கி அடைச்சுக்கிட்டுப் போகாதீங்க. திறந்திருக்கிற ஒரு ஊர்க்கடையைப் பார்த்தா நில்லுங்க. பான்ஜூர் சொல்லி, ரொட்டியும் காபியும் அங்கேயே வாங்குங்க. மூணாவது நாள் நான் அதைத்தான் செஞ்சேன். கடைக்கார அம்மா பாட்டிலைக் கேட்டு வாங்கி, அவங்களே தண்ணி பிடிச்சுக் கொடுத்தாங்க.