பாலைவனத்தில் சென்னைச் சுரங்கப் படையினர்: ஒரு முதல் டயோராமாவும் அதன் வரலாறும்

எங்கள் பள்ளியின் வரலாற்று மூலைக்காக ஒரு டயோராமா செய்யத் தொடங்கியபோது, மாணவர் ஒருவரின் தாயார் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: “ஐயா, பிள்ளைகளுக்கு எதற்குப் போர்? துப்பாக்கியும் டாங்கியும் தொலைக்காட்சியில் பார்ப்பது போதாதா?” கேள்வி நியாயமானது. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட, எந்தக் காட்சியைச் செய்கிறோம் என்பதன் வழியாகப் பதில் சொல்வதே சரி என்று எனக்குப் பட்டது. அந்தத் தேர்வைப் பற்றியும், அதன் பின்னுள்ள வரலாற்றைப் பற்றியும் ஆசிரிய நண்பர்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

டயோராமா என்பது ஒரு நிகழ்வின் ஒரு நொடியைச் சிற்றுருவங்களாலும் நிலப்பரப்பாலும் முப்பரிமாணமாக நிறுத்திக் காட்டுவது. இச்சொல் 1822-இல் பாரிஸ் நகரில் லூயி தாகேர் நடத்திய ஒளிக்காட்சி அரங்கிலிருந்து வந்தது. பின்னாளில் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகப் புகழ்பெற்றவர் இவரே. அங்கே பெரிய திரைகளில் தீட்டிய ஓவியங்களின்மீது வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகல் இரவாவதைக் காட்டினார்கள். இன்று மேசைமேல் நாம் வைக்கும் குட்டிக் காட்சிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

போர்க்களச் சிற்றுருவங்களில் மிகவும் பரவலான அளவு 35-இல் 1 பங்கு. இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. 1961-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் ஜெர்மானிய ‘பாந்தர்’ டாங்கியின் பொம்மையை வெளியிட்டது. அதனுள் மோட்டாரும் மின்கலங்களும் அடங்கவேண்டும் என்பதற்காகவே அதன் உடல் அந்த அளவில் அமைந்தது. பிறகு கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 35-இல் 1 பங்கு! அதையே பிறரும் பின்பற்ற, ஒரு மின்கலத்தின் பருமன் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் அளவுகோலாயிற்று. வகுப்பறைக்கு இது மிக வசதியான எண். 175 செண்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் சரியாக 5 செண்டிமீட்டர் ஆகிறான். விகிதப் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

முதன்முதலாக டயோராமா செய்கிறவர்களுக்குப் பாலைவனமே ஏற்றது என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. மரமில்லை, கட்டடமில்லை, நீரில்லை. மணல் இருந்தால் போதும் என்பது எண்ணம். பாதி உண்மை. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் சண்டை நடந்த மேற்குப் பாலைவனம், திரைப்படங்களில் வருவதுபோல் மஞ்சள் மணற்குன்றுகளின் கடல் அன்று. பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையும் சரளைக் கல்லும் கலந்த கெட்டித்தரை. ஆங்காங்கே முழங்கால் உயர முட்புதர். வண்டி ஓடினால் எழும் மாவுபோன்ற புழுதி. நிறமும் மஞ்சளைவிடச் சாம்பலும் வெளிர்பழுப்பும் கலந்ததே. ஆகவே கடைகளில் விற்கும் பளிச்சென்ற மஞ்சள் மணலை வாங்காதீர்கள். கட்டுமான மணலை மாவுச் சல்லடையில் இருமுறை சலித்தால், மேலே தங்குவது கல், கீழே விழுவது தரை. ஒரே செலவில் இரண்டும் கிடைத்துவிடும்.

இனி வரலாறு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது முதல் 1943 மே மாதம் துனீசியாவில் அச்சு நாட்டுப் படைகள் சரணடையும்வரை, எகிப்துக்கும் லிபியாவுக்கும் இடையே படைகள் முன்னும் பின்னுமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைந்தன. 1942 கோடையில் ஜெர்மானியத் தளபதி ரொம்மல், அலெக்சாந்திரியாவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அல் அலமைன் வரை வந்துவிட்டார். அவ்விடத்தில்தான் நிலவியல் குறுக்கிட்டது. வடக்கே மத்தியதரைக் கடல். தெற்கே, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, கடல்மட்டத்திற்கும் கீழே தாழ்ந்த கத்தாராப் பள்ளம். உப்புச் சேறும் இளகிய மணலும் நிறைந்த அப்பள்ளத்தில் கனரக வண்டிகள் செல்லவியலாது. மற்ற இடங்களில் எதிரியைத் தெற்கே சுற்றிவளைத்துத் தாக்கிய படைகளுக்கு இங்கே சுற்றிச் செல்ல வழியில்லை. நேருக்கு நேர் மோதியே ஆகவேண்டும்.

மோதல் வரும் என்று அறிந்த ரொம்மல், தம் அரணுக்கு முன்னே ஏறத்தாழ ஐந்து இலட்சம் கண்ணிவெடிகளைப் புதைக்கச் செய்தார். அந்தப் பரப்புக்கு ‘சாத்தானின் தோட்டங்கள்’ என்று பெயர். பெரும்பாலானவை டாங்கி எதிர்ப்பு வெடிகள். மனிதனின் எடைக்கு அவை வெடிப்பது அரிது. அதனால்தான் 1942 அக்டோபர் 23 இரவு தொடங்கிய தாக்குதலுக்கு ‘லைட்ஃபுட்’, அதாவது மென்னடி, என்று பிரிட்டிஷார் பெயரிட்டார்கள். முதலில் காலாட்படை நடந்து செல்லும். அதன் பின்னே பொறியாளர் படையினர் சுமார் 24 அடி அகலப் பாதைகளைத் துப்புரவாக்குவார்கள். அப்பாதைகளில் டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். பெரிய அளவில் பீரங்கிகள் முழங்கின, முழுநிலவு காய்ந்தது என்றெல்லாம் நூல்கள் விரிவாகவே எழுதுகின்றன. ஆனால் அந்தப் போரின் வேகத்தை நிர்ணயித்தவர்கள், தரையில் குப்புறப் படுத்து மண்ணைத் துழாவியவர்களே என்பது என் கருத்து.

அவர்கள் எப்படி வேலை செய்தார்கள்? போலந்து நாட்டுப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்டறிகருவிகள் சில நூறு அப்போது வந்திருந்தன. நீண்ட கழியின் முனையில் தட்டு, முதுகில் மின்கலப் பை, காதில் கேட்பொறி. மொத்த எடை 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கீழே உலோகம் இருந்தால் காதில் ஒலி மாறும். கருவி இல்லாதவர்கள் துப்பாக்கிமுனைக் கத்தியைச் சாய்வாக மண்ணுள் செலுத்திப் பார்ப்பார்கள். நேராகக் குத்தினால் வெடியின் தலையை அழுத்திவிடும். சாய்வாகச் செலுத்தினால் அதன் விலாவில் படும். வெடி தென்பட்டால் உடனே தூக்கமாட்டார்கள். அடியில் இன்னொரு பொறி இருக்கக்கூடும். சுற்றிலும் மண்ணை விரலால் அகற்றி, திரியைச் செயலிழக்கச் செய்வார்கள். அல்லது கயிறு கட்டித் தொலைவிலிருந்து இழுப்பார்கள். துப்புரவான எல்லையை வெள்ளை நாடா இட்டுக் காட்டுவார்கள்.

இனித்தான் நமக்குரிய பகுதி. எகிப்தில் போரிட்ட எட்டாம் படையில் இந்தியப் படையணிகளும் இருந்தன. அவற்றுள் புகழ்பெற்றது சிவப்புக் கழுகுச் சின்னம் அணிந்த நான்காம் இந்தியக் காலாட்படைப் பிரிவு. அப்பிரிவின் பொறியாளர்களுள் ஒரு பகுதியினர் ‘விக்டோரியா மகாராணியின் சென்னைச் சுரங்கப் படை’யைச் சேர்ந்தவர்கள். 1780-இல் சென்னையில் இரண்டு குழுக்களாகத் தொடங்கி, பின்னர் பெங்களூரில் நிலைகொண்ட படை அது. தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் என்று தென்னாட்டவரே அதில் நிறைந்திருந்தனர். அப்படையினரை இராணுவத்தில் இன்றும் அன்போடு அழைக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘தம்பி’! முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகள் பலவும் பயன்படுத்திய ‘பெங்களூர் டார்பிடோ’ என்னும் குழாய்வெடியும் இப்படையில் பிறந்ததுதான். 1912-இல் அங்கே பணியாற்றிய மெக்லின்டாக் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதை உருவாக்கினார்.

பெருந்தாக்குதலின்போது நான்காம் இந்தியப் பிரிவு ருவைசாத் மேட்டில் நின்று எதிரியின் கவனத்தைத் திருப்பும் பணியைச் செய்தது. நவம்பரில் ரொம்மல் மேற்கே பின்வாங்கியபோது, துரத்திச் செல்லும் பெருமை பிறருக்குக் கிடைத்தது. களத்தில் சிதறிக் கிடந்த தளவாடங்களைத் திரட்டும் பணி இப்பிரிவுக்கு ஒதுக்கப்பட்டது. படைத்தலைவர் டக்கர் இதனால் மனம் வெதும்பினார். வரலாற்று நூல்களும் இப்பணியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ இங்கேதான் காட்சி தெரிந்தது. வெற்றி முழக்கம் தேய்ந்துபோன ஒரு நவம்பர்ப் பகல். வெள்ளை நாடாவுக்கு இடையே மூன்று தம்பிகள். ஒருவர் கருவியோடு நிற்கிறார், ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார், ஒருவர் நாடாச் சுருளைப் பிடித்திருக்கிறார். யாரும் யாரையும் சுடவில்லை. பெற்றோரின் கேள்விக்கு நான் தேடிய பதில் இந்தக் காட்சியே.

பகலைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அக்டோபர் 23-இன் காட்சி என்றால் அது நள்ளிரவு. நிலவொளியை வண்ணத்தில் கொண்டுவருவது கைதேர்ந்தவர்களுக்கே சவால். புதியவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

அளவுகளைப் பாருங்கள். 24 அடி என்பது ஏறத்தாழ 7.3 மீட்டர். 35-ஆல் வகுத்தால் 21 செண்டிமீட்டர். ஆக, 30-க்கு 40 செண்டிமீட்டர் பலகையில் பாதையின் முழு அகலமும், இரு பக்கமும் துப்புரவாகாத நிலமும் அடங்கும். ஜெர்மானிய டாங்கி எதிர்ப்பு வெடியின் விட்டம் சுமார் 32 செண்டிமீட்டர். நம் காட்சியில் அது 9 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுதான்! இந்தக் கணக்குகளை ஐந்தாம் ஆண்டு மாணவர்களே போட்டார்கள்.

ஒட்டுப்பலகையின்மேல் போலிஸ்டைரீன் தகட்டை வெள்ளைப் பசையால் ஒட்டி, கத்தியால் இலேசாக மேடுபள்ளம் செதுக்கினோம். நெகிழி உருவங்களை ஒட்டும் கரைப்பான் பசை இத்தகட்டில் பட்டால் அது உருகிக் குழியாகும். தெளிப்பு வண்ணமும் அவ்வாறே. ஆதலால் அவ்விரண்டையும் அருகில் வைக்காதிருத்தல் நன்று. மேலே பிளாஸ்டர் பூச்சு, அது காயுமுன் சலித்த மணல், அதன்மேல் நீர் கலந்த பசை. மறுநாள் அடர்பழுப்பை முழுவதும் பூசி, காய்ந்தபின் வெளிர்நிறத்தைத் தூரிகையில் தொட்டுத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, மேற்பரப்பை மட்டும் தடவவேண்டும். மேடுகளில் ஒளியும் பள்ளங்களில் நிழலும் தாமாகவே தோன்றும். அக்ரிலிக் வண்ணமே பள்ளிக்கு உகந்தது, தண்ணீரில் கழுவலாம், நாற்றமில்லை. முட்புதருக்குத் தேங்காய் நாரைக் கத்தரித்து நட்டோம். வெள்ளை நாடாவுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய தாள்.

மனிதர்களில்தான் சிக்கல். பெட்டிகளில் கிடைக்கும் எட்டாம் படை வீரர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர். அட்டைப்படமும் அவ்வாறே. இந்தியர் தனியாகக் கிடைத்தாலும் தலைப்பாகை அணிந்த சீக்கியராக இருப்பதே வழக்கம். ஆனால் தென்னாட்டுச் சுரங்கப் படையினர் களத்தில் எஃகுத் தலைக்கவசம் அணிந்தார்கள். எனவே உருவத்தை மாற்றத் தேவையில்லை, தோலின் வண்ணம் ஒன்றே போதும். அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. மாணவர்கள் மூவருக்கும் ஒரே பழுப்பைக் கலக்கினார்கள். “உங்கள் மூவரின் கைகளையும் மேசைமேல் வையுங்கள்” என்றேன். வைத்தார்கள். பிறகு மூன்று கிண்ணங்களில் மூன்று நிறம் கலந்தார்கள்.

உடையிலும் கவனம் தேவை. நவம்பர் இறுதிக்குள் அப்பாலைவனத்தில் குளிர் இறங்கிவிடும். இரவில் கம்பளிச் சட்டை வேண்டும். காட்சி நவம்பர்த் தொடக்கப் பகல் என்பதால் அரைக்காற்சட்டை பொருந்தும், ஒருவருக்கு மட்டும் முழுக்கைக் கம்பளிச் சட்டையின் பச்சைப்பழுப்பு நிறம் தீட்டினோம்.

காட்சியைச் செய்துகொண்டிருந்தபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி: “இவர்களின் பெயர் என்ன சார்?” பலகையில் நிற்கும் மூவரும் கற்பனையே. ஆனால் பதிவில் நிலைத்த பெயர் ஒன்று உண்டு. காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், நான்காம் இந்தியப் பிரிவோடு இருந்த சென்னைச் சுரங்கப் படையின் 11-ஆம் குழுவினர். பாலைவனப் போர் முடிந்து அப்பிரிவு இத்தாலிக்குச் சென்றபின், 1944 பிப்ரவரி 24 அன்று மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி ஒன்று முடுக்கப்பட்டபோது, உடனிருந்தோரைக் காக்க அதன்மேல் தம் உடலை வீழ்த்தி உயிர்நீத்தார். அவருக்கு மறைவுக்குப் பின் ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட நம் தோட்டப்புறத் தமிழரைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு உண்டு. அதே ஆண்டுகளில் வேறொரு கண்டத்தில் வெடி தேடிய இவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

அல் அலமைனில் எட்டாம் படை ஏறத்தாழ 13,500 பேரை இழந்தது. மாண்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர் அனைவரும் அதில் அடங்குவர். புதைத்த வெடிகளோ போரோடு தீரவில்லை. அதன்பின் பல பத்தாண்டுகள் ஆடு மேய்த்த பாலைவனக் குடிகளும் அவர்தம் பிள்ளைகளும் அவற்றால் கை கால் இழந்தார்கள். இதையும் மாணவர்களுக்குச் சொன்னேன். அல் அலமைன் போர்க் கல்லறையின் தென்கிழக்குப் பகுதியில் எரியூட்டப்பட்டோருக்கான நினைவிடம் ஒன்று தனியே இருக்கிறது. தம் சமய முறைப்படி எகிப்திலும் லிபியாவிலும் தகனம் செய்யப்பட்ட 600-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. அந்நினைவிடத்தின் படத்தை அச்சிட்டுக் காட்சியின் பின்புறம் ஒட்டியுள்ளோம்.

தூசு படியாமலிருக்க, பயன்படாத மீன்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடியிருக்கிறோம். இந்தப் பலகைக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பெயர்ப்பலகையில் “அல் அலமைன், நவம்பர் 1942. சென்னைச் சுரங்கப் படையினர் பாதை துப்புரவு செய்கிறார்கள்” என்று தமிழிலும் மலாயிலும் எழுதியவள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி.