ரசல் பியர்ஸ்

ரசல் பியர்ஸ் (1947–2023) அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த குடியரசுக் கட்சி அரசியலர். மரிக்கோபா மாவட்ட ஷெரிப் அலுவலகத்தில் உயர் பதவி வகித்தவர். 2001 முதல் மாநிலக் கீழவையிலும் 2009 முதல் செனட்டிலும் மெசா நகரப் பகுதியின் சார்பில் உறுப்பினராக இருந்தார். 2011இல் செனட் தலைவரானார்.

கொள்கை முன்னுரிமைகள்: சட்டவிரோதக் குடியேற்றத்தைத் தடுப்பதே இவரது முதன்மை நோக்கம். வாக்காளராகப் பதிவு செய்யக் குடியுரிமைச் சான்று கோரிய 2004ஆம் ஆண்டின் 200ஆம் முன்மொழிவை ஆதரித்தார். உரிய ஆவணமற்றோரைத் தெரிந்தே பணியமர்த்தும் நிறுவனங்களின் உரிமத்தை முடக்கவும் பறிக்கவும் வழிசெய்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தார். அதை 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. துப்பாக்கி வைத்திருப்போர் உரிமை, குறைந்த அரசுச் செலவு ஆகியவற்றையும் வலியுறுத்தினார்.

எஸ்.பி. 1070: இவர் முன்வைத்த இச்சட்டத்தில் ஆளுநர் ஜான் புரூவர் 2010 ஏப்ரல் 23 அன்று கையெழுத்திட்டார். வேறு காரணத்துக்காகத் தடுத்து நிறுத்தப்பட்டவரின் குடியேற்ற நிலையில் நியாயமான ஐயம் எழுந்தால், காவலர் அதை விசாரிக்க வேண்டும் என்றது சட்டம். இது இனப் பாகுபாட்டுக்கு இடந்தரும் என எதிர்ப்பாளர்கள் கண்டித்தனர். கூட்டாட்சிச் சட்டத்துக்குத் துணைநிற்பதே என ஆதரவாளர்கள் வாதிட்டனர். 2012இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் மீதான வழக்கிலிருந்த நான்கு பிரிவுகளில் மூன்றை ரத்து செய்தது. விசாரணைப் பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது.

பதவி இழப்பு: 2011 நவம்பரில் நடந்த திரும்ப அழைக்கும் தேர்தலில் சொந்தக் கட்சியைச் சேர்ந்த ஜெர்ரி லூயிஸிடம் தோற்றார். அரிசோனாவில் இவ்வாறு பதவி இழந்த முதல் சட்டமன்ற உறுப்பினர் இவரே.