சந்தாவுக்கு அப்பால்: ஊவாத் தோட்டப் பகுதிகளில் மின்தரவுத்தளச் சேவை

வளரும் நாடுகளின் நூலகங்களில் மின்தரவுத்தளச் சேவையைத் தொடங்குவது பற்றிய விவாதம் பெரும்பாலும் சந்தாத் தொகையோடு நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் ஹினாரித் திட்டத்தையும், உணவு விவசாய நிறுவனம் 2003இல் அகோராத் திட்டத்தையும் தொடங்கின. அதன் பின் ஆய்விதழ்கள் ஏழை நாடுகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைத்து வருகின்றன. இதன் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் இந்தச் சலுகை பிறர் கையில் இருப்பது. 2011 ஜனவரியில் சில பெரும் பதிப்பகங்கள் பங்களாதேஷுக்கான இலவச அனுமதியை நிறுத்தின. கடும் எதிர்ப்புக்குப் பிறகே அது மீண்டும் கிடைத்தது. மேலும், சலுகையின் அளவைத் தீர்மானிப்பதில் நாட்டின் சராசரி வருமானத்துக்குப் பெரும் பங்குண்டு. உலக வங்கி 2019இல் இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடாக அறிவித்து, மறு ஆண்டே கீழ் நடுத்தர வகைக்கு இறக்கியது. இந்த ஏற்ற இறக்கத்தால் ஊவா மாகாணத்தின் பசறையிலோ லுணுகலையிலோ தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாழும் ஒரு மாணவியின் நிலை மாறிவிடவில்லை. சராசரி அவளைக் காட்டுவதில்லை. எனவே சேவையின் வெற்றியை வாங்கிய தரவுத்தளங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது தவறு. தோட்டத்து வாசகருக்கு அது எட்டுகிறதா என்பதே அளவுகோலாக வேண்டும்.

ஊவாவின் பதுளையில், வாங்குவதற்கும் எட்டுவதற்கும் இடையிலான இந்த இடைவெளி தெளிவாகவே தெரிகிறது. 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது; தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிராந்திய நிலையம் ஒன்று பசறையில் உண்டு. தேயிலை பற்றிய ஆய்வறிவு சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சில மைல் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகச் சந்தாக்கள் பொதுவாக வளாகத்தின் இணைய முகவரிக்குள் அடங்குபவை. வாயிலுக்கு வெளியே அதே கட்டுரையைத் திறந்தால் சுருக்கமும் விலையும் மட்டுமே திரையில் தெரியும். தோட்டத்து மக்களுக்கு மாற்றாக இருந்திருக்க வேண்டியவை பிரதேச சபை நூலகங்கள். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், கம்பனித் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தமே அந்தக் கதவைத் திறந்தது. முப்பது ஆண்டுகள் சட்டமே தடுத்து வைத்திருந்த ஒரு குறையை மக்களின் வாசிப்பு ஆர்வமின்மை என்று விளக்குவது நியாயமல்ல. இப்போது வழி இருக்கிறது: பல பதிப்பக உரிமங்கள் நேரில் வரும் வெளி வாசகரை அனுமதிக்கின்றன. எனவே பல்கலைக்கழக நூலகம், வாசகர் கேட்கும் கட்டுரையை உரிமத்துக்கு உட்பட்டுத் தேடிக் கொடுக்கும் மையமாகவும், பிரதேச சபை நூலகம் வேண்டுகோளைப் பெறும் முகப்பாகவும் இயங்கலாம்.

அணுகல் கிடைத்த பிறகும் தேடல் என்ற தடை இருக்கிறது. நிர்வாகத்தின் கடினமான பகுதி இதுதான். ஓர் எடுத்துக்காட்டு: 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தின் ஆபத்தை எச்சரித்திருந்தது. அது பற்றிய பதிவுகளை ஒரு வாசகர் தமிழில் தேடுவதாகக் கொள்வோம். ஊர்ப்பெயர் ஓரிடத்தில் மீரியபெத்தை, இன்னோரிடத்தில் மீரியபெத்த, ஆங்கில அறிக்கையில் வேறு எழுத்து. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகளைக் கணினி ஆங்கில எழுத்துக் குவியலாகவே படிக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடலில் அகப்படாது. ஓர் ஊரின் எல்லா வடிவங்களையும் ஒரே பதிவில் இணைக்கும் பெயர்க்கோப்பையும், பழைய கோப்புகளின் யுனிகோட் மாற்றத்தையும் எந்த வெளிநாட்டு நிறுவனமும் பதுளைக்காகச் செய்து தராது. செய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு: 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சந்தா ஏதுமின்றித் திறந்து வைத்திருக்கிறது. தோட்டங்களைப் பற்றிய அறிக்கைகளுக்கும் இதழ்களுக்கும் தமிழ்ச் சுட்டி ஒன்றை ஊவா நூலகங்கள் கூட்டாக உருவாக்குவது, இன்னொரு பன்னாட்டுத் தொகுப்பை வாங்குவதை விட அவசரமானது என்பேன்.

கைபேசி எல்லார் கையிலும் இருக்கையில் நூலகம் எதற்கு என்பது இந்த யோசனைக்கு வரும் முதல் மறுப்பு. கைபேசி இணையத்தைத் தருகிறது. கட்டணச் சுவருக்குப் பின்னால் உள்ளதைத் தருவதில்லை. கிடைத்ததில் எது நம்பத்தக்கது என்பதையும் அது சொல்வதில்லை. போதிய கூலியும் வீடும் இல்லாதவர்களுக்குத் தரவுத்தளம் ஆடம்பரம் என்பது இன்னும் கனமான மறுப்பு. கூலி உயர்வே முதன்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மீரியபெத்தை எச்சரிக்கை ஒரு வீட்டுப் பிரச்சினை. அது ஒரு தகவலும்கூட. லயத்து மக்கள் அதைத் தங்கள் மொழியில் கையில் வைத்துக் கேள்வி கேட்டிருந்தால் உயிர்கள் தப்பியிருக்குமா என்று உறுதியாகக் கூற முடியாது. கேட்கும் வாய்ப்பாவது கூடியிருக்கும்.

பணம் எங்கே என்ற கேள்வி எஞ்சுகிறது. 2022இன் டொலர் நெருக்கடிக்குப் பின் அது நியாயமான கேள்வியே. ஆனால் கோஹா, டிஸ்பேஸ் போன்ற நூலக மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. உள்ளூர்ச் சுட்டிக்கு அந்நியச் செலாவணி தேவையில்லை. தேவைப்படுவது சம்பளம் ரூபாயில் பெறும் ஆள்: தமிழில் பட்டியலிடத் தெரிந்த, தோட்டப் பெயர்களை அறிந்த, நிரந்தரப் பதவியில் இருக்கும் நூலகர். வெளிநாட்டு நிதியில் கணினிகள் வந்து, திட்டக் காலம் முடிந்ததும் பராமரிப்பார் இன்றிப் போவது இத்துறையில் பலமுறை கண்ட அனுபவம். ஆகவே அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் மாகாண சபையும் பிரதேச சபைகளும் முதலில் ஒதுக்க வேண்டியது இந்தப் பதவிக்குத்தான். கருவிகளும் சந்தாக்களும் அதற்குப் பின்.