வெள்ளையின மேலாதிக்கவாதமும் சமூக நலமும்

வெள்ளையின மேலாதிக்கவாதம் என்பது, ஐரோப்பிய வம்சாவளியினர் பிறப்பாலேயே பிறரைவிட உயர்ந்தவர்கள், ஆகவே ஆட்சியும் நாட்டின் வளமும் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் கொள்கை. சமத்துவத்தை அது எதிர்ப்பதில் வியப்பில்லை. அரசின் நலத்திட்டங்களோடு அதற்குள்ள உறவுதான் சிக்கலானது. ஓய்வூதியம், பொதுப்பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை அது எல்லாக் காலத்திலும் வெறுத்ததில்லை. சில இடங்களில் தானே முன்னின்று கேட்டு வாங்கியிருக்கிறது. பந்தி போடுவதில் அதற்கு ஆட்சேபணை கிடையாது. பக்கத்து இலையில் யார் உட்காருகிறார்கள் என்பதே அதன் கவலை. அமெரிக்கத் தென் மாநிலங்களின் வரலாறும் தென்னாப்பிரிக்க வரலாறும் இதற்குத் தெளிவான சான்றுகள்.

கருத்து வேர்கள்

இனங்களுக்குள் ஏற்றத்தாழ்வு இயற்கையானது என்ற வாதத்துக்கு நூல்வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சுக்காரர் ஆர்தர் த கோபினோ (1853-55). அமெரிக்காவில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியபோது ஒளிவுமறைவே வைக்கவில்லை. எல்லா இனங்களும் சமம் என்பது பிழை, அதற்கு நேர்மாறான கருத்தே தங்கள் அரசின் மூலைக்கல் என்று அறிவித்தார்.

20ஆம் நூற்றாண்டில் மாடிசன் கிராண்ட், லோத்ராப் ஸ்டாடர்ட் போன்ற அமெரிக்க எழுத்தாளர்கள் இதற்கு அறிவியல் சாயம் பூசினர். எளியவர்களைத் தாங்கிப்பிடிக்கும் இரக்கம் ‘உயர்ந்த’ இரத்தத்தைக் கெடுத்துவிடும் என்பது இவர்களின் அச்சம். ஸ்டாடர்ட் 1929 மார்ச்சில் சிகாகோவில் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுடன் மேடையில் மோதினார். இரு இனங்களையும் பிரித்து வைத்தாலும் வசதிகளைச் சமமாகவே தரலாம் என்று அவர் விளக்க, அரங்கம் சிரித்தது. இதில் வேடிக்கை என்ன இருக்கிறது என்று அவர் கேட்க, சிரிப்பு இன்னும் பலத்தது. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய ரயில்பெட்டிகளில் பயணம் செய்து பார்த்தவர்கள் அங்கே நிறையப்பேர் இருந்தார்கள்.

1866: ஒரு சுவரொட்டி

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச்சில், விடுதலையானோர் பணியகம் அமைக்கப்பட்டது. முன்னாள் அடிமைகளுக்கு மட்டுமின்றி, போரில் வீடிழந்த வெள்ளையருக்கும் அது உணவுப்படி கொடுத்தது. பள்ளிகளுக்கும் துணை நின்றது. அதன் ஆயுளை நீட்டிக்கும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் 1866 பிப்ரவரியில் தடுத்தார். ஜூலையில் இன்னொரு மசோதா அவரையும் மீறி நிறைவேறியது.

அதே ஆண்டு பென்சில்வேனியா ஆளுநர் தேர்தலில் ஹைஸ்டர் கிளைமர் என்ற வேட்பாளருக்காக ஒரு சுவரொட்டி அச்சானது. முன்னால் ஒரு கறுப்பின மனிதர் சாவகாசமாகப் படுத்திருக்கிறார். பின்னால் ஒரு வெள்ளையர் ஏர் உழுகிறார், இன்னொருவர் விறகு பிளக்கிறார். வெள்ளையன் வியர்வையில் கறுப்பன் சோம்பிக் கிடக்கவே இந்தப் பணியகம் என்பது அதன் சேதி. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கூலியில்லாமல் உழுதவர்கள் யார் என்பதைப் படம் சொல்லவில்லை. கிளைமர் தோற்றார். ஆனால் ‘உழைக்கும் நாம், உண்டு கிடக்கும் அவர்கள்’ என்ற சித்திரம் அந்தத் தேர்தலோடு போய்விடவில்லை. நலத்திட்டம் பற்றிய அமெரிக்க அரசியல் பேச்சில் பிற்பாடும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது.

போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் கால அரசுகள் தென் மாநிலங்களில் பொதுப்பள்ளி முறையை ஏற்படுத்தின. ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் அவற்றில் படித்தார்கள். பழைய ஆதிக்கவாதிகள் ஆட்சிக்குத் திரும்பியதும் வெட்டிய செலவுகளில் பள்ளிச் செலவும் ஒன்று. வாக்குரிமைக்கு மிசிசிப்பி 1890இல் விதித்த தலைவரி, கறுப்பினத்தவரோடு கையில் காசில்லாத வெள்ளையரையும் சேர்த்தே வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியது. பிறகு ஏன் அந்த ஏழை வெள்ளையர் இந்தக் கொள்கையை ஆதரித்தார்கள்? கூலி குறைந்தாலும் ‘நான் வெள்ளையன்’ என்ற மதிப்பு அவர்களுக்கு ஒரு மனக்கூலியாகக் கிடைத்தது என்று டு பாய்ஸ் 1935இல் விளக்கினார்.

சல்லடைச் சட்டங்கள்

அதே 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்துக்கும் வேலையிழப்பு உதவிக்கும் வழிசெய்தது. ஆனால் விவசாயத் தொழிலாளரையும் வீட்டுவேலை செய்வோரையும் விட்டுவிட்டது. தெற்கில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் பார்த்த வேலைகள் இவை இரண்டும்தான். கறுப்பினத்தவர் விழுவதற்கென்றே அளவெடுத்துத் துளையிட்ட சல்லடை என்ற பொருளில் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். இத்தொழில்களில் வரி வசூலிப்பது கடினம் என்பதே விலக்குக்குக் காரணம் என வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. எதுவானாலும் 1950களின் திருத்தங்கள் வரை இத்தொழிலாளர்களில் பலருக்கு ஓய்வூதியம் எட்டவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பும் வீரர்களுக்கான 1944ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தளவில் நிறம் பார்க்கவில்லை. ஆனால் அதன் உத்தரவாதத்தில் கடன் கொடுத்ததோ உள்ளூர் வங்கி. 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எபனி இதழ் எடுத்த கணக்கில், அரசு உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை 2.

தென்னாப்பிரிக்கா: வெள்ளையருக்கு மட்டும்

சமூகவியலாளர் பியர் வான் டென் பெர்கே 1967இல், ஆளும் இனத்துக்குள் மட்டும் ஜனநாயகம் நிலவும் அமைப்புக்கு ஒரு தனிப்பெயரே சூட்டினார். தென்னாப்பிரிக்கா அதன் அச்சுப்பிரதி. 1928ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம் வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே பொருந்தியது. ஆப்பிரிக்கருக்கு இல்லை, நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர், தெலுங்கர் முதலியோரின் வழிவந்த இந்தியருக்கும் இல்லை. 1944இல் இவர்களையும் சேர்த்தார்கள், குறைந்த தொகையில். எல்லோருக்கும் ஒரே தொகை என்றானது 1993இல்.

ஹென்ட்ரிக் வெர்வூர்ட் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் சமூகப் பணியும் கற்பித்த பேராசிரியர். ஏழை வெள்ளையரின் வறுமையைப் போக்க 1934இல் கிம்பர்லியில் நடந்த மாநாட்டில் முன்னணியில் நின்றவர். இவரே அமைச்சராகி, ஆப்பிரிக்கப் பிள்ளைகளை உடலுழைப்புக்கு மட்டும் தயார்செய்த 1953ஆம் ஆண்டுப் பாண்டு கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1958இல் பிரதமரானார். நலப்பணி தெரியாதவர் என்று இவரைச் சொல்ல வழியில்லை.

மூடப்பட்ட பள்ளி, தூர்க்கப்பட்ட குளம்

அமெரிக்காவில், பகிர்ந்துதான் ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது, யாருக்குமே வேண்டாம் என்று பொதுச்சொத்தையே மூடியதும் உண்டு. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் கறுப்பின மாணவர்கள் தார்க்காகிதம் அடித்த கொட்டகைகளில் படித்தார்கள். 1951இல் 16 வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் அவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். அதிலிருந்து எழுந்த வழக்கும், பொதுப்பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற 1954ஆம் ஆண்டுப் பிரவுன் தீர்ப்பில் சேர்ந்தது. தீர்ப்பை நிறைவேற்றுவதற்குப் பதில் கவுண்டி நிர்வாகம் 1959இல் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கப்பட்டது. கட்டணம் கட்ட அரசு மானியமும் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போய்ப் படித்தார்கள். பலருக்குப் படிப்பே நின்றது. 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் பொதுப்பள்ளிகள் மீண்டன.

அலபாமாவின் மாண்ட்கோமரி நகரம் 1959இல் பூங்காக்களை மூடியது. ஓக் பார்க்கில் இருந்த நீச்சல்குளத்தை மண்கொட்டித் தூர்த்தது. பூங்காக்கள் 1965இல் திறந்தன, குளம் திரும்பவில்லை. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரமும் இதே வழியில் குளங்களை மூடியது. அது சட்டவிரோதமல்ல என்று 1971இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

மருத்துவமனைகளில் கதை வேறுவிதமாகப் போனது. 1966 ஜூலையில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு தொடங்கியபோது, நோயாளிகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் மருத்துவமனைக்கு அந்தப் பணம் கிடையாது என்று மத்திய அரசு நிபந்தனை போட்டது. பல்லாண்டுகளாகப் பிரித்தே வைத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களுக்குள் தனி வார்டுகளைக் கைவிட்டன.