எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள்



பாடப் புத்தகத்தில் "கோத்திக் கட்டடக் கலை" என்று ஒரு வரி வரும். படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு குடும்பப் பகை ஒளிந்திருக்கிறது என்று இன்று கொஞ்சம் சொல்கிறேன்.

பிரான்சில், பாரிசுக்குத் தென்மேற்கே சார்த்ர் என்ற ஊர். அங்கே மாதாவுக்கு ஒரு பேராலயம். இயேசு பிறந்தபோது மாதா உடுத்தியிருந்ததாக நம்பப்பட்ட ஒரு துணிதான் அந்த ஊரின் பெருஞ்செல்வம். 1194 ஜூனில் ஆலயம் தீப்பற்றி எரிந்தது. துணியும் போயிற்று என்று ஊரே கலங்கியது. சில நாளில் நிலவறையிலிருந்து அது பத்திரமாக வெளியே வந்தது. இன்னும் பெரிய ஆலயம் வேண்டுமென்று மாதாவே நினைக்கிறாள் என எடுத்துக்கொண்டார்கள். காணிக்கை குவிந்தது. 1220 வாக்கில் ஆலயத்தின் பெரும்பகுதி எழுந்துவிட்டது.

இடையில் இன்னொரு புனிதரும் வந்து சேர்ந்தார். 1204இல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைக் கொள்ளையடித்தார்கள் (அதுவும் ஒரு கிறிஸ்தவ நகரம்தான், கவனியுங்கள்). அந்தப் படையில் போன ப்ளுவா பிரபு லூயி மறு வருடமே போரில் மடிந்தார். மாதாவின் தாயார் அன்னம்மாளின் தலை என்று சொல்லப்பட்ட திருப்பண்டம் அவர் குடும்பத்தின் வழியாக சார்த்ருக்கு வந்தது.

இப்போது ஜன்னலுக்கு வருவோம். வடக்குப் பக்கம் வட்ட வடிவில் ஒரு பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல். அதன் கீழே நடுநாயகமாக, குழந்தை மரியாளை ஏந்தியபடி அன்னம்மாள். கூடவே பிரான்ஸ் அரச குடும்பத்தின் லில்லிப் பூக்களும், காஸ்டில் நாட்டின் கோட்டைச் சின்னமும். காஸ்டிலில் பிறந்து பிரான்சுக்கு வாழ்க்கைப்பட்ட பிளாஞ்ச் அரசியின் உபயம் என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் சின்னம் வாசிக்கத் தெரிந்த காலம் அது.

நேர் எதிரே, தெற்கு ஜன்னல். உபயதாரர் பிரித்தானியை ஆண்ட பியேர். 'மோக்ளெர்', அதாவது 'மோசமான குருவானவர்' என்பது அவருடைய பட்டப்பெயர். (பட்டப்பெயர் வைப்பதில் என் மாணவர்கள் மட்டும் சளைத்தவர்களா?) அவர் ஜன்னலில் நான்கு தீர்க்கதரிசிகளின் தோளில் நான்கு நற்செய்தியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காலடியில் பியேரும் மனைவி மக்களும் மண்டியிட்டிருக்கிறார்கள். புனிதர்களைவிட அளவில் சிறியவர்கள்தான். ஆனால் விட்டுப்போகவில்லை பாருங்கள்!

1226இல் அரசர் இறந்தபோது மகன் லூயிக்கு வயது 12. தாய் பிளாஞ்ச் பொறுப்பேற்று ஆண்டார். அவரை எதிர்த்துக் கலகம் செய்த பிரபுக்களின் தலைவர் இதே பியேர்தான்! 1234இல்தான் பணிந்தார். வெளியே படையோடு மோதிக்கொண்ட இரு குடும்பங்களும் உள்ளே எதிரெதிர்ச் சுவரில் ஆளுக்கொரு ஜன்னலோடு நின்றன. என்னைக் கேட்டால், பக்தி பாதி, "நாங்களும் இருக்கிறோம்" என்ற வீம்பு பாதி.

பின்னாளில் பியேர், அதே லூயி மன்னரோடு எகிப்துக்குச் சிலுவைப் போருக்குப் போய், 1250இல் திரும்பும் வழியில் இறந்தார். லூயிக்கு 1297இல் புனிதர் பட்டம் கிடைத்தது.